புல்வெளியும் திறவுகோலும்



கிறிஸ்தவ நண்பர்கள் 'சோதனை', 'கிருபை' என்ற இரு சொற்களை அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். இவை தமிழ்க் காப்பியமொன்றில் ஊடும் பாவுமாக அமைந்திருப்பதைக் காண விரும்புவோர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையைப் படிக்க வேண்டும். 1827இல் திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பமொன்றில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராயிருந்து, 1858இல் கிறிஸ்தவரானவர் அவர். ஆங்கிலேயரான ஜோன் பனியன் 1678இல் வெளியிட்ட பயணக் கதையைத் தழுவி, 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியத்தை 1894இல் தந்தார். கம்பனில் தோய்ந்த அவரைக் 'கிறிஸ்தவக் கம்பர்' என்றே அறிஞர் அழைப்பர்.

பனியனின் மூலக்கதையில் வரும் ஒரு நிகழ்ச்சியை இன்று எடுத்துக்கொள்கிறேன். மோட்ச நகரை நோக்கிச் செல்லும் பயணியும் அவன் தோழனும் கரடுமுரடான பாதையில் கால் நோக நடக்கிறார்கள். வேலிக்கு அப்பால் மெத்தென்ற புல்வெளி. அங்கும் ஒரு பாதை, தங்கள் பாதையை ஒட்டியே போவதுபோல் தெரிகிறது. "இப்படிப் போனால் என்ன?" என்று கடந்துவிடுகிறார்கள். கொலையில்லை, களவில்லை, கால்வலிக்குச் சற்று ஆறுதல் தேடியது மட்டுமே. ஆனால் இருட்டுகிறது, மழை கொட்டுகிறது. விடிந்ததும் அவநம்பிக்கை என்னும் அரக்கனின் கையில் சிக்கி, சந்தேகக் கோட்டையில் அடைபடுகிறார்கள். புதன் காலை முதல் சனி இரவு வரை உணவில்லை, நீரில்லை, வெளிச்சமில்லை. அடி மட்டும் உண்டு. "உயிரை மாய்த்துக்கொள்ளுங்கள்" என்று அரக்கன் புத்தியும் சொல்கிறான்.

சனி நள்ளிரவில் இருவரும் ஜெபிக்கத் தொடங்குகிறார்கள். விடியுமுன் பயணிக்கு நினைவு வருகிறது, தன் மடியிலேயே 'வாக்குத்தத்தம்' என்ற திறவுகோல் இருப்பது! கதவுகள் திறக்கின்றன. வெளி இரும்புக் கதவின் பூட்டு மட்டும் இலேசில் திரும்பவில்லை, ஆயினும் திறந்தது. தப்பியவர்கள் பழைய கரடுமுரடான பாதைக்கே திரும்பி, பின்னால் வருவோரை எச்சரிக்கும் தூண் ஒன்றையும் நாட்டிச் செல்கிறார்கள்.

இக்கதையை வகுப்பில் சொன்னபோது மாணவன் ஒருவன் கேட்டான்: "மன்னிப்பு உண்டென்றால் துணிந்து பிழை செய்யலாமே, சேர்?" செய்த வினையை அனுபவித்தே தீரவேண்டும் என்று கேட்டு வளர்ந்த சைவப் பிள்ளைக்கு இக்கேள்வி எழுவது இயல்பே.

இதற்கு விடையை நான் கண்டது எங்கள் கொம்பனித்தெருவில்தான். ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகளை வைத்திருந்த இடமாகையால், ஆங்கிலத்தில் நெடுங்காலம் 'அடிமைத் தீவு' என்றே வழங்கிய பகுதி இது. கோயில், பள்ளிவாசல், விகாரை, மாதா கோவில் எல்லாம் இங்கே நடை தூரத்தில் உள்ளன. எனக்குத் தெரிந்த கத்தோலிக்கர் ஒருவர் இங்கு கடையொன்றில் கணக்கெழுதி வந்தார். மகளின் படிப்புச் செலவுக்கென்று முதலாளியின் காசில் கைவைத்தார். 'சம்பளம் வந்ததும் வைத்துவிடலாம்' என்பதே அவருடைய புல்வெளி. ஒரு தடவை பல தடவையாயிற்று, உறக்கம் போயிற்று. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். சுவாமியார் பாவமன்னிப்பு அளித்து, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமென்றும் சொன்னாராம். முதலாளியிடம் உண்மையைச் சொன்னார், வேலை போயிற்று. கூலி வேலை செய்து மாதாமாதம் கொடுத்துத் தீர்க்க நான்கு வருடங்கள் சென்றன.

"மன்னிப்புக் கிடைத்தபிறகும் இவ்வளவு கஷ்டமா?" என்று கேட்டேன். "மாஸ்டர், மன்னிப்பு அண்டைக்கே கிடைச்சிட்டுது. அதாலதான் காசைக் கட்ட எனக்குத் தெம்பு வந்தது" என்றார்.

கடனைத் தீர்த்தபின் கிடைத்த பரிசல்ல அவருடைய கிருபை. அது முதலில் வந்தது. கடனைத் தீர்க்கும் பலத்தைத் தந்தது. கோட்டையிலிருந்து விடுபட்ட பயணி வந்த வழியைத் தன் கால்களாலேயே திரும்ப நடக்கிறான். மன்னிப்பு அந்த நடையைக் குறைக்கவில்லை. நடக்கமுடியும் என்ற துணிவைக் கொடுத்தது. சைவர்களாகிய நாம் அருள் என்று சொல்வதும் இதிலிருந்து வெகுதூரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்த நண்பர் இப்பொழுது வேலைக்குச் சேரும் இளைஞர்களிடம் தன் கதையை மறைக்காமல் சொல்கிறார். அவர் நாட்டிய தூண் அது. புல்வெளி எல்லாருடைய பாதைக்குப் பக்கத்திலும் இருக்கிறது, நேயர்களே. அதில் இறங்கிவிட்டவர்களும் மடியைத் தடவிப் பார்க்கலாம்.