காதக்கல்லும் மைல்கல்லும்

(சேலத்தில் நிகழ்ந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



உரோமர் உலகுக்கு ஈந்தவை குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். காரைக்கட்டு, வளைவுப் பாலம், நீர்க்கால், சனவரி முதலான திங்கட் பெயர்கள் என்று அடுக்கிக்கொண்டே போனால் இரவு போதாது. ஆகவே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நாமக்கல்லிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் வந்த அன்பர்கள் அதை வழிநெடுகப் பார்த்துக்கொண்டே வந்திருப்பீர்கள். சாலையோரத்துத் தொலைவுக்கல்தான் அது.

கி.மு. 312-இல் அப்பியசு கிளாடியசு என்பார் உரோம் நகரினின்று தெற்கே காப்புவா வரை ஒரு சாலை போடத் தொடங்கினார். பின்னர் அது பிருண்டிசியம் என்னும் கடற்றுறை வரை நீண்டது. நிலத்தை அகழ்ந்து, கல்லும் சரளையும் அடுக்கடுக்காய் இட்டு இறுக்கி, மேலே கற்பாளம் பரப்பி, நடுவைச் சற்றே உயர்த்தி, இருமருங்கும் நீர் வடிய வழி செய்தனர். இன்றைய நெடுஞ்சாலைப் பொறியாளர் செய்வதும் அடிப்படையில் இதுவே. நடு உயராத சாலை மழைக்காலத்தில் என்ன பாடுபடும் என்பதற்கு நம் ஊர்த் தெருக்களே சான்று!

அச்சாலைகளில் உரோமர் தொலைவுக்கல் நட்டனர். இடக்கால் ஊன்றி மறுபடியும் இடக்கால் ஊன்றும் வரையுள்ள நடை ஓர் அளவு. அவ்வாறு ஆயிரம் நடை சென்றால் ஒரு கல். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1,480 மீட்டர். இலத்தீன மொழியில் 'மில்லே' என்றால் ஆயிரம். அச்சொல்லே ஆங்கிலேயர் வாயில் 'மைல்' ஆயிற்று. 1593-இல் ஆங்கில நாட்டுச் சட்டம் அதனை 5,280 அடி என்று வரையறுத்தது. உரோமப் படைஞனின் காலடிக் கணக்கு ஆங்கிலேயனின் தோளேறி, நம் சேலத்துப் புளியமரத்து நிழலில் வந்து நின்ற கதை இதுதான்.

இப்போது நம் பாட்டன்மாரை நினைத்துப் பாருங்கள். அவர்கள் 'மைல்' என்றா சொன்னார்கள்? "இங்கிருந்து பத்துக் கல் தொலைவு" என்றார்கள். அயலான் நட்ட கல்லைக் கண்டார்கள்; அளவை ஏற்றார்கள்; பெயரைத் தம் மொழியில் வைத்தார்கள். எழுத்தறியாத உழவன் செய்த அந்தச் சொல்லாக்கத்தை எந்தக் கலைச்சொற் குழுவும் செய்துவிடவில்லை. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே புதிய அளவைகள் வந்தன. கல்லில் எழுதிய எண் மாறிற்று. 'கல் தொலைவு' என்னும் வழக்கும் மெல்ல மெல்ல நாவினின்று அகன்றது. இன்று யாரை வழி கேட்டாலும் கிலோமீட்டர்தான். 'மைல்' போய்விட்டதா என்றால் அதுவும் போகவில்லை. "தமிழ் வரலாற்றில் ஒரு மைல்கல்" என்று நம் இயக்க மேடைகளிலேயே முழங்குகிறோம்! நானும் முழங்கியிருக்கிறேன், மறைப்பானேன்?

நமக்கென்று ஒரு கல் இல்லாமலா இப்படி? 1965 வரை இந்தச் சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த தருமபுரிப் பகுதியில் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த கல் ஒன்று கிடைத்துள்ளது. 'அதியமான் பெருவழி' என்று சாலையின் பெயரும், நாவற்றாவளத்துக்கு 27 காதம் என்று தொலைவும் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. எழுத்துக்குக் கீழே குழிகள் உள்ளன. பெரிய குழி இரண்டு, சிறிய குழி ஏழு. பெரியது பத்து, சிறியது ஒன்று. எழுத்தறியாத வணிகனும் வண்டியோட்டியும் இருளில் விரலால் தடவிப் பார்த்தே தொலைவை அறியலாம். முத்தம்பட்டியில் கிடைத்த மற்றொரு கல்லில் 29 காதம்; அதற்கேற்பப் பெரிய குழி இரண்டு, சிறிய குழி ஒன்பது. நம் மாவட்டத்து ஆறகழூரிலும், வாணகோவரையர் ஆண்ட அவ்வூரினின்று காஞ்சிபுரம் 16 காதம் என்று கூறும் 'மகதேசன் பெருவழி'க் கல் கிடைத்துள்ளது.

உரோமனின் எண்முறையும் பத்துக்கு ஒரு குறி, ஐந்துக்கு ஒரு குறி, ஒன்றுக்கு ஒரு கோடு என்று கூட்டிக் காண்பதே. ஆனால் அந்தக் குறிகளைக் கற்றவனே படிப்பான். அதியமான் பெருவழிக் கல்லை வெட்டியவன் கல்லாதவனையும் எண்ணிப் பார்த்திருக்கிறான். அந்தக் குழிகளைப் படத்தில் கண்ட அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

உடனே "உரோமனுக்குக் கல் நடக் கற்றுக் கொடுத்தவனே தமிழன்" என்று யாரும் எழுந்து கைதட்ட வேண்டா. உரோமர் கல் நட்டது இதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் முன்னர். அவர்களைப்போல் கற்பாளம் பதித்த நெடுஞ்சாலையை நாம் நாடெங்கும் போடவுமில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே உரோமக் காசு கொங்குநாட்டுக்கு வந்தது உண்மை. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் அக்காசுகள் கிடைத்ததும் உண்மை. காசு வந்த வழியில் கல் நடும் வழக்கமும் வந்தது என்பதற்குச் சான்றில்லை. இல்லாத பெருமையைக் கட்டிச் சொன்னால், இருக்கும் பெருமையையும் பிறர் நம்பமாட்டார்.

என் கவலை வேறு. சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் சாலை நாற்சாலையாகிவிட்டது. இன்னும் எத்தனையோ சாலைகள் அகலமாகும். மண்ணள்ளும் பொறி வந்தால் பழங்கல்லென்றும் புதுக்கல்லென்றும் பாராது. குழி விழுந்த கல் ஏதேனும் உங்கள் ஊர் ஏரிக்கரையில் துணி துவைக்கும் கல்லாகக் கிடக்கலாம். களத்துமேட்டில் படிக்கல்லாகக் கிடக்கலாம். குழிகளை எண்ணுங்கள். பெரியதும் சிறியதுமாய் இருந்தால் கழுவி, எழுத்து உண்டா என்று பாருங்கள். அசைக்காமல், சுண்ணாம்பு பூசாமல், தொல்லியல் துறைக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள்.

வரும் ஞாயிறன்று ஆறகழூர் செல்லலாம் என்று ஆத்தூர் அன்பர்கள் அழைக்கிறார்கள். தலைவாசலுக்கு அருகில்தான் இருக்கிறது. வழியில் யாரையேனும் கேட்கும்போது, "இன்னும் எத்தனை கல் தொலைவு ஐயா?" என்றே கேளுங்கள். முதியவராய் இருந்தால் மறுமொழியும் கல்லிலேயே வரும்.