கோல் கணக்கும் கூலிக் கணக்கும்

(தோட்டத் தொழிலாளர் விளையாட்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



காற்பந்தாட்டத்தைப் பற்றி இரண்டொரு வார்த்தை பேசும்படி பணித்திருக்கிறீர்கள். பந்தை உதைப்பது எப்படி என்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. நாம் சொல்ல வந்தது வேறு.

சென்ற பந்தயத்தன்று நம் திடலில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். நடுவர் ஒரு கோலைச் செல்லாது என்றார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருப்பவர் இருவர் கைகலந்தனர். மறுநாள் பால் நிறுக்கும் இடத்திலும் முகங்கொடுத்துப் பேசவில்லை. விசாரித்தால், இருவருக்குமே ஆஃப்சைட் விதி சரியாகத் தெரியாது! தெரியாத விதிக்காகத் தெரிந்தவனை அடிப்பது நியாயமா?

அந்த விதி இதுதான். ஒருவர் பந்தை உதைக்கும் அந்த நொடியில், அவருடைய குழுவைச் சேர்ந்த மற்றவர் எங்கே நிற்கிறார் என்பதே கேள்வி. எதிரியின் பாதியில், பந்துக்கும் முன்னால், எதிரிகளில் கடைசிக்கு முந்தியவரையும் தாண்டி நின்று, ஆட்டத்திலும் தலையிட்டால் அது ஆஃப்சைட். பந்து வந்து சேரும்போது அவர் எங்கே இருந்தார் என்பது கணக்கில்லை. நம்மில் பலர் தவறுவது இங்கேதான். கடைசிக்கு முந்தியவரோடு சமமாக நின்றால் குற்றமில்லை. இது 1990-இல் வந்த திருத்தம். த்ரோ, கார்னர், கோல் கிக் ஆகிய மூன்றிலிருந்து நேரே வரும் பந்துக்கு ஆஃப்சைட் கிடையாது.

இனிப் புள்ளிப் பட்டியலுக்கு வருவோம். இரு குழுக்கள் சமப் புள்ளி பெற்றால் வெற்றி யாருக்கு? அது கணக்கிடும் முறையைப் பொறுத்தது. அடித்த கோலை வாங்கிய கோலால் வகுப்பது பழைய முறை. அடித்ததிலிருந்து வாங்கியதைக் கழிப்பது புதிய முறை.

1965-இல் ஸ்காத்லாந்து லீக்கில் கில்மார்னக், ஹார்ட்ஸ் இரண்டும் 50 புள்ளிகள் பெற்றன. கில்மார்னக் 62 கோல் அடித்து 33 வாங்கியது. ஹார்ட்ஸ் 90 அடித்து 49 வாங்கியது. வகுத்தால் கில்மார்னக்குக்கு 1.88, ஹார்ட்ஸுக்கு 1.84. கிண்ணம் கில்மார்னக்குக்குப் போயிற்று. கழித்திருந்தால் ஹார்ட்ஸுக்கு 41, கில்மார்னக்குக்கு 29தான்!

பிறகு முறை மாறியது. 1986-இல் அதே ஹார்ட்ஸ், செல்டிக்குடன் மறுபடியும் 50 புள்ளிகளில் சமமாக நின்றது. செல்டிக் 67 அடித்து 38 வாங்கியது. ஹார்ட்ஸ் 59 அடித்து 33 வாங்கியது. கழித்தபோது செல்டிக் 29, ஹார்ட்ஸ் 26. கிண்ணம் செல்டிக்குக்கு. பழையபடி வகுத்திருந்தால் ஹார்ட்ஸ் வென்றிருக்கும்! வகுத்தபோதும் தோல்வி, கழித்தபோதும் தோல்வி.

தோழர்களே, கோல்கள் மாறவில்லை. கணக்கு முறை மாறியது, கிண்ணம் கைமாறியது. இதைக் கேட்டபோது நமக்குக் கூலிச் சீட்டு நினைவுக்கு வரவில்லையா? பால் அதே பால்தான். அதில் ரப்பர் எவ்வளவு என்று கணக்கிடும் முறை மாறினால், நம் பையில் விழும் பணமும் மாறும். கணக்கு முறையை முன்கூட்டியே அறியாதவன் திடலிலும் தோற்பான், சம்பள நாளிலும் தோற்பான்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஹார்ட்ஸ் குழுவுக்கு விதி முன்னமே தெரியும். தெரிந்து ஆடி, தோற்று, ஏற்றுக்கொண்டது. நாமும் அப்படியே பழகுவோம். அடுத்த போட்டிக்கு முன் விதிகளையும் சமப் புள்ளிக் கணக்கையும் எழுதி மன்றச் சுவரில் ஒட்டுவோம். பேரேடு எழுதத் தெரிந்த நம் கிராணிமார் தோழர்கள் ஆட்டம், வெற்றி, சமம், தோல்வி, அடித்தது, வாங்கியது, புள்ளி என்று கட்டம் கட்டி, வாரந்தோறும் பட்டியல் எழுதட்டும். பால் வெட்டும் தோழர்கள் அதை நின்று படித்து, தவறிருந்தால் சுட்டிக்காட்டட்டும்.

கேள்வியை ஆட்டத்துக்கு முன்பே கேட்போம். ஊதல் ஒலித்தபின் நடுவர் சொல்லை ஏற்போம். சண்டையிட்ட அந்த இரு தோழர்களும் இன்று இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். பட்டியலின் முதல் கட்டத்தை அவர்கள் இருவருமே சேர்ந்து கோடு போட்டுத் தொடங்கட்டும் என்று கேட்டு அமர்கிறோம்.