சதை எடுக்க முடியவில்லை என்றால்…



சேமிப்பு, உள்கடன் கணக்கெல்லாம் முடிந்த பிறகு நாம் குசுகுசுவென்று பேசிக்கொள்கிற விஷயத்தை இன்று மைக்கிலேயே பேசுகிறோம். மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆன பிறகு மறுபடி ரத்தம் பட்டால், ஒரு சொட்டாக இருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். இப்படி வருகிற பத்துப் பேரில் சுமார் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருக்காது. அந்தப் பத்தாவது ஆள் யார் என்று பார்க்கத்தான் மெல்லிய குழாயை விட்டு, கர்ப்பப்பையின் உள்சதையைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதிக்கிறார்கள்.

சில பேருக்கு அது முடியாமல் போகும். வயதானால் கர்ப்பப்பை வாய் சுருங்கிவிடும், குழாய் நுழையாது. வலி தாங்காமல் நாமே நிறுத்தச் சொல்வோம். எடுத்தாலும் 'சதை போதவில்லை' என்று ரிசல்ட் வரும். இதெல்லாம் நடக்கிறதுதான். ஆனால் "ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்று வீட்டுக்குப் போய்விடுகிறோமே, அதுதான் ஆபத்து. ஒன்றும் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பார்க்க முடியவில்லை என்றுதான் சொன்னார்கள்.

அடுத்தது என்ன என்று அங்கேயே கேளுங்கள். பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் எடுப்பார்கள். உள்சவ்வு 4 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. அதற்கு மேல் இருந்தாலோ, திரும்ப ரத்தம் பட்டாலோ, மயக்க மருந்து கொடுத்து, சின்னக் கேமரா விட்டுப் பார்த்துச் சதை எடுப்பார்கள். மயக்கத்தில் வலி தெரியாது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனையில் செய்ய முடியாது என்றால், விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ (2022-ல் வந்தது) மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ சீட்டு எழுதி வாங்குங்கள். முதல் சோதனை ஏன் முடியவில்லை என்பதும் அதில் இருக்கட்டும். இல்லாவிட்டால் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிப்பார்கள். காப்பீட்டு அட்டையையும் மறக்க வேண்டாம்.

"எதுக்கு இந்த அலைச்சல், கர்ப்பப்பையையே எடுத்துருங்க" என்று நம்மில் பலர் கேட்கிறோம். புற்றுநோயா இல்லையா என்று தெரிந்தால்தானே எந்த ஆபரேஷன் என்று முடிவு செய்ய முடியும்? தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்கச் சொல்லி 2023-ல் சுப்ரீம் கோர்ட்டே மாநிலங்களுக்கு உத்தரவு போட்டிருக்கிறது.

சோதனைக்குப் பிறகு ஓரிரு நாள் லேசான வலியும் கறையும் இருக்கும். காய்ச்சல், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், கூடிக்கொண்டே போகிற வயிற்று வலி, மணிக்கு ஒரு நாப்கின் நனைகிற அளவு போக்கு, இதில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மில்லுக்கும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் தறிக்கும் போகிறவர்கள் ஒருநாள் கூலி போகுமே என்று தள்ளிப் போடுகிறார்கள். பஸ் செலவுக்கு உள்கடன் கேளுங்கள். துணைக்கு ஆள் இல்லை என்றால் ஊக்குநரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.