வேலையில் உயர மென்திறன்: ரங்கப்பிள்ளை வீதியிலிருந்து ஒரு பாடம்



பெரிய மார்க்கெட்டுக்குப் போன யாரும் ரங்கப்பிள்ளை வீதியில் வண்டி நிறுத்த இடம் தேடி அலையாமல் இருந்திருக்க மாட்டீர்கள். அந்த வீதிக்குப் பெயர் கொடுத்தவர் யார் என்று கேட்டால், "டைரி எழுதினாரே, அவர்தானே சார்?" என்பார்கள். அவரேதான், ஆனந்தரங்கப் பிள்ளை. ஆனால் டைரி எழுதுவது அவருடைய உத்தியோகம் இல்லை. நம்மைப் போல அவருக்கும் மேலதிகாரி இருந்தார், போட்டியாளர்கள் இருந்தார்கள், பதவிக்காகக் காத்திருந்த நாட்களும் இருந்தன. மென்திறன் பற்றிப் பேசச் சொன்னதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் அவர்தான்.

நான் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நேர்காணல் பயிற்சி கொடுப்பவன். முதல் வகுப்பிலேயே வரும் கேள்வி ஒன்று உண்டு: "சார், இங்கிலீஷ் சரியா வரலையே, என்ன பண்றது?" இங்கிலீஷ் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடமாக ஒரே இடத்தில் நின்றுவிட்டவர்களிடம் பேசிப் பார்த்தால், பலருக்குத் தடையாக இருந்தது இங்கிலீஷ் இல்லை. சொன்னதை முழுசாகக் கேட்பதில்லை, புரியாததைப் புரியவில்லை என்று சொல்வதில்லை, நடந்ததை நேரத்துக்குத் தெரிவிப்பதில்லை. தமிழிலேயே செய்யவில்லை என்பதுதான் விஷயம்.

ஒரு தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். அப்பா ஏ.எஃப்.டி. மில்லில் இருந்தவர். அந்த மில் 2020-ல் மூடப்பட்டது உங்களுக்குத் தெரியும். பையன் ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்துவிட்டு சேதராப்பட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறான். கை வேலையில் கெட்டிக்காரன், மெஷின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவான். ஆனால் ஷிப்ட் இன்சார்ஜ் பதவி அவனுக்குப் பின்னால் சேர்ந்த ஒருவருக்குப் போய்விட்டது. "ஆள் பிடிச்சிருப்பான் சார்" என்று கொதித்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

நான் ஒன்றுதான் கேட்டேன். "ஷிப்ட் முடியும்போது அடுத்த ஆளுக்கு என்ன எழுதி வைப்ப?" போனில் எடுத்து வைத்திருந்த ரிஜிஸ்டர் பக்கத்தைக் காட்டினான். "மெஷின் ஓகே." தினமும் அதே இரண்டு வார்த்தை. எந்த பேரிங் சூடாகிறது, எதைப் பாதியில் விட்டு வந்தான், எந்தப் பொருள் தீரப்போகிறது, எல்லாம் அவன் தலைக்குள்ளேயே இருந்தது. அவன் வீட்டுக்குப் போனதும் அந்த அறிவும் வீட்டுக்குப் போய்விடுகிறது. அப்படிப்பட்டவரிடம் ஒரு ஷிப்டையே ஒப்படைக்க மேலதிகாரி தயங்குவதில் ஆச்சரியம் இல்லை. அவனுக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை என்று நேராகவே சொன்னேன். வந்தது.

இங்கேதான் பிள்ளைவாளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

அவர் 1709-ல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். சிறு வயதில் அப்பாவோடு புதுச்சேரிக்கு வந்து, வியாபாரம் பார்த்து, பிரெஞ்சுக் கம்பெனியின் வேலைக்குள் நுழைந்தார். துபாஷி என்றால் இரண்டு மொழி தெரிந்தவர் என்று பொருள். வெறும் மொழிபெயர்ப்பு வேலை என்று நினைத்துவிடாதீர்கள். கவர்னர் பேசுவது பிரெஞ்சு. துணி கொடுக்கும் வணிகர்கள் பேசுவது தமிழும் தெலுங்கும். நவாபின் ஆட்கள் கொண்டுவருவது பாரசீகக் கடிதம். ஒருவர் கோபத்தில் சொன்னதை மற்றவரிடம் எப்படிக் கொண்டுபோவது, கெட்ட செய்தியை எப்போது சொல்வது, தராத வாக்கைத் தந்ததாக யாரும் நினைத்துவிடாமல் எப்படிப் பேசுவது, இதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த வேலை. ஒரு சொல் பிசகினால் சரக்குப் போகும், சில சமயம் சண்டையே வரும்.

தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலியார் 1746-ல் காலமானார். அந்த இடம் ரங்கப்பிள்ளைக்கு உடனே கிடைக்கவில்லை. போட்டி இருந்தது. கிறிஸ்தவர் ஒருவருக்கே தரவேண்டும் என்ற அழுத்தமும் இருந்தது. 1747-ல்தான் கிடைத்தது. திறமை இருந்தால் மறுநாளே பதவி வரும் என்று நானும் உங்களிடம் சொல்லப்போவதில்லை.

இத்தனைக்கும் நடுவே 1736-லிருந்து 1761 வரை எழுதினார். என்ன கப்பல் வந்தது, சரக்கு என்ன விலை போனது, கவர்னர் என்ன கேட்டார், தான் என்ன பதில் சொன்னேன், யார் முகம் எப்படி மாறியது. பதவி போன பிறகும் எழுதினார். மறதிக்கு இடம் கொடுக்காத ஆள் என்று பெயர் எடுத்தவரிடம்தான் முக்கியமான பேச்சு வந்து சேரும்.

அவரை அப்படியே பின்பற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. டைரியைப் படித்தால் கவர்னர் துய்ப்ளேக்ஸை அவர் தலைமேல் வைத்துக் கொண்டாடும் இடங்கள் அலுப்பாகவே இருக்கும். எதிரிகளை ஏளனம் செய்வதும் உண்டு, குலப் பெருமையும் உண்டு. மேலதிகாரியைக் குளிர வைப்பதை மென்திறன் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அது வேறு சரக்கு.

இன்னொரு விஷயம் உங்கள் கையில் இருக்கும் போனுக்கு நேராகப் பொருந்தும். துய்ப்ளேக்ஸின் மனைவி ழான் இதே ஊரில் பிறந்தவர், தமிழ் தெரிந்தவர். துபாஷி இல்லாமலேயே ஊர்க்காரர்களிடம் பேச அவரால் முடிந்தது. அவருக்கும் பிள்ளைக்கும் ஒத்துப்போகவில்லை என்பது டைரியில் தெரிகிறது. மொழி மட்டுமே முதல் என்றால், அந்த மொழி தெரிந்த இன்னொருவர் வந்ததும் நம் கடை காலியாகிவிடும். இன்று அந்த இன்னொருவர் போனிலேயே இருக்கிறார். மத்திய அரசின் பாஷிணி செயலி தமிழில் பேசினால் வேறு மொழியில் சொல்லிவிடும். ஆனால் ஹோட்டல் ரிசப்ஷனில் கத்திக்கொண்டிருக்கும் விருந்தினருக்கு உண்மையில் ரூம் பிரச்சினையா, குழந்தைக்கு ஜுரம் என்ற பதற்றமா என்று கண்டுபிடிப்பது செயலியின் வேலை இல்லை.

சரி, என்ன செய்யலாம்? வேலை சொல்லும்போது தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். "நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன் சார், சரியான்னு பாருங்க" என்று ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். முதலில் கூச்சமாக இருக்கும். தப்பாகச் செய்துவிட்டு மறுநாள் நிற்பதைவிட அந்தக் கூச்சம் மலிவு.

அப்புறம், போனில் ரெக்கார்டரைப் போட்டு, "போன வாரம் வேலையில் வந்த ஒரு சிக்கல், அதை எப்படிச் சமாளித்தேன்" என்று 2 நிமிடம் தமிழிலேயே பேசுங்கள். திருப்பிக் கேளுங்கள். விஷயத்துக்கு வர எத்தனை வினாடி ஆனது என்று பாருங்கள். என் வகுப்பில் பாதிப் பேர் முதல் 1 நிமிடம் தன்னைச் சுற்றியே சுற்றுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். தமிழில் கோர்வை வந்த பிறகு அதையே இங்கிலீஷில் சொல்லிப் பாருங்கள், பயம் பாதியாகிவிடும். மேலதிகாரிக்கு வாட்ஸ்அப்பில் "சார்" என்று மட்டும் அனுப்பிவிட்டு அவர் பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். யார், என்ன, எப்போதைக்குள், மூன்றும் ஒரே செய்தியில் போகட்டும்.

பாடமாகப் படிக்க விரும்புபவர்களுக்கு ஸ்வயம் தளத்தில் ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் நடத்திய மென்திறன் வகுப்புகள் இருக்கின்றன. சேர்ந்து படிக்கக் கட்டணம் இல்லை, சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் பணம். மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்தில் பதிவு செய்துவிட்டால் காலிப் பணியிடங்களையும் பார்க்கலாம். அதற்கும் கட்டணம் இல்லை. பதிவு செய்து தருகிறேன், வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டு யாராவது அழைத்தால் போனை வைத்துவிடுங்கள்.

சேதராப்பட்டுத் தம்பி இரண்டு வாரம் என் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு நாள் ரிஜிஸ்டர் பக்கம் ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினான். ஆறு வரி. "2-ஆம் மெஷின் பேரிங் சூடு, கிரீஸ் வைத்தேன், 2 மணிக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்கவும்" என்று தொடங்கியது. எழுத்துப் பிழை இருந்தது, நான் திருத்தவில்லை. பதவி இன்னும் வரவில்லை, அடுத்த இடம் எப்போது காலியாகும் என்றும் தெரியாது. ஆனால் இப்போது நைட் ஷிப்டில் சந்தேகம் வந்தால் இன்சார்ஜே அவனுக்குப் போன் போடுகிறாராம். "தூங்க விடமாட்டேங்கறாங்க சார்" என்று குறைப்பட்டுக்கொண்டான். குரலில் குறை ஒன்றும் தெரியவில்லை.