கருந்துணியில் வெள்ளை எழுத்து
(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்வியின் சிறப்பை எனக்கு முன்னர்ப் பேசியோர் எடுத்துரைத்தனர். நான் ஒரு தொழிலைப் பற்றிக் கூற விழைகின்றேன். திருப்பூர்ப் பனியன் தொழிலோடு சேர்ந்து வளர்ந்த திரை அச்சுத் தொழிலே அது. அதிலும் கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறச் சட்டைகளில் வெள்ளை மையால் அச்சிடுதல் தேர்ந்த கைகளையும் சோதிக்கும் வேலையாகும்.

வெள்ளைத் துணியில் கறுப்பு மை ஒரே இழுப்பில் பதியும். கருந்துணியில் வெள்ளை மை அவ்வாறு பதிவதில்லை. அடியிலுள்ள நிறத்தை அது முற்றிலும் மறைக்க வேண்டும். அதற்காகவே டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெண்பொடி அம்மையில் மிகுதியாகச் சேர்க்கப்படுகின்றது. அதனால் மை கெட்டியாகின்றது. மிக நுண்ணிய வலையில் அது தாராளமாக இறங்காது. ஆகவே அங்குலத்திற்கு 110 முதல் 160 இழை வரையுள்ள வலையே ஏற்றது. வலை தளர்வின்றி இறுகக் கட்டப்பட்டிருத்தலும் வேண்டும்.

மை மறைக்கவில்லையே என்று ஸ்குவீஜியை ஓங்கி அழுத்துவோர் உண்டு. அழுத்த அழுத்த மை நூலுக்குள் புதைந்து மங்கும். மை துணியின்மேல் அமர வேண்டும். முதற் பூச்சிட்டு, சில நொடிகள் வெப்பம் காட்டி, தொட்டால் ஒட்டாத பதத்தில் இரண்டாம் பூச்சிடுவதே முறை.

பிளாஸ்டிசால் மை காற்றில் உலர்வதன்று. ஏறத்தாழ 160 பாகை செல்சியஸ் வெப்பம் மைப்படலத்தின் அடிவரை எட்டினால்தான் அது முழுமையாக இறுகும். மேலே காய்ந்து அடியில் வேகாத அச்சு, இழுத்தால் வெடிக்கும், சலவையில் உதிரும். அரைகுறைக் கல்வியும் அத்தகையதே. பாலியெஸ்டர் துணியிலோ வேறொரு தொல்லை உண்டு. மிகுந்த வெப்பத்தில் துணியின் சாயம் மேலேறி, சிவப்புச் சட்டையின் வெள்ளை எழுத்தை இளஞ்சிவப்பாக்கிவிடும். அதற்கெனக் குறைந்த வெப்பத்தில் இறுகும் மை தனியே உண்டு.

இவற்றை இங்கே கூறுவானேன்? ஸ்குவீஜி இழுக்கும் கைகளில் நம் கைகளும் உள்ளன. எந்த வலை, எவ்வளவு வெப்பம், எத்தனை நொடி என்னும் கணக்கையும் அக்கைகள் அறிய வேண்டும். உழைப்பு ஒருவர்க்கு, அறிவு மற்றொருவர்க்கு என்று பிரித்து வைத்ததே சாதி. அப்பிரிவினை அச்சுக்கூடத்திற்குள் நுழைய நாம் இடம் தரலாகாது.

அச்சு நமக்குப் புதிதன்று. இரட்டைமலை சீனிவாசனார் 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். அண்ணல் அம்பேத்கர் 1920-இல் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். பிறர் அச்சிடட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

இளைஞர்களே! வேலைக்குச் செல்லும்போது ஒரு குறிப்பேடும் உடன் செல்லட்டும். வலை, வெப்பம், நேரம், சலவைக்குப் பின் கண்ட பலன் ஆகியவற்றை நாள்தோறும் எழுதுங்கள். ஓராண்டில் அதுவே உங்கள் பாடநூலாகும். நால்வர் சேர்ந்தால் சிறு கூடம் அமைக்கலாம். 1974-இல் தோன்றிய தாட்கோ நிறுவனம் தொழில் தொடங்குவோர்க்கு மானியத்துடன் கூடிய கடனுக்கு வழி செய்கின்றது. விண்ணப்பம் எழுத நம் கழகம் துணை நிற்க வேண்டும். மாலை வகுப்பில் கரும்பலகையோடு ஒரு திரைச்சட்டமும் இடம்பெற வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஏப்ரல் 14 அன்று நம் பிள்ளைகள் அணியும் நீலச் சட்டையில் அண்ணலின் உருவம் வெண்மையாய் ஒளிர்கின்றது. அதை அச்சிடும் கூடமும் நமதாகட்டும்!