தேங்காய்த் தொட்டியில் வருவாய்: கிணற்றைக் கெடுக்காத வழி



தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த அஸ்தினாபுரத்தில் பல வீடுகளின் சமையலறைச் சுவரில் குடிநீர் சுத்திகரிக்கும் கருவி ஒன்று மாட்டியிருப்பதைப் பார்க்கலாம். அதனுள் ஒரு குழலில் கறுப்புத் துகள்கள் நிறைந்திருக்கும். பெரும்பாலும் அது நாம் களத்தில் தேங்காய் உடைத்தபின் ஒதுக்கிப் போடும் தொட்டியிலிருந்து செய்த கரிதான். நீரிலுள்ள குளோரின் நெடியையும் கெட்ட வாடையையும் நிறத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்கிறது. உப்பை அது நீக்காது. அதற்குத் தனியே சவ்வு உண்டு.

அடுப்புக் கரிக்கு இந்த ஆற்றல் இல்லை. முதலில் தொட்டியைக் காற்றுக் குறைந்த சூளையில் சுட்டுக் கரியாக்குகிறார்கள். பிறகு ஆலையில் 900 முதல் 1,100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதன்மேல் நீராவியைச் செலுத்துகிறார்கள். அப்போது கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டாகின்றன. இதுவே கிளர்வுற்ற கரி. வாணிகத்தில் ஆக்டிவேட்டட் கார்பன் என்பார்கள். ஒரு கிராமின் உட்பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர். அதாவது, நான்கு கிராம் கரிக்குள் ஓர் ஏக்கர் பரப்பு அடங்கியிருக்கிறது!

முதல் உலகப் போரில் நச்சுக்காற்றைத் தடுக்கும் முகமூடிகளிலும் தொட்டிக் கரி பயன்பட்டது. தாதுவிலிருந்து தங்கம் பிரிக்கவும் அது உதவுகிறது. மின்சாரத்தைச் சேமிக்கும் மீமின்தேக்கிகளுக்கும், சோடியம் மின்கலங்களுக்கும் வேண்டிய உயர்தரக் கார்பனை ஜப்பானில் இதிலிருந்தே செய்கிறார்கள்.

நம் தோப்புக் கணக்குக்கு வருவோம். ஏக்கருக்கு 70 மரம், மரத்துக்கு ஆண்டுக்கு 100 காய் என்று கொண்டால் 7,000 தொட்டிகள் கிடைக்கும். சுமார் 30,000 முழுத் தொட்டிகளைச் சுட்டால் ஒரு டன் கரி. ஏறத்தாழ மூன்று டன் கரியிலிருந்து ஒரு டன் ஆக்டிவேட்டட் கார்பன். படிக்குப் படி எடை குறைகிறது, விலை ஏறுகிறது. காயை முழுதாக விற்பவருக்குத் தொட்டியின் ஆதாயம் தனியே கிடைப்பதில்லை. சொந்தக் களத்தில் கொப்பரை போடுபவருக்கே அது சேரும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. திறந்த குழியில் தொட்டியைச் சுட்டால் புகை ஊரைச் சூழும். கனலும் கரியைத் தண்ணீர் ஊற்றி அணைத்தால், தாரும் பீனாலும் கலந்த கழிவுநீர் மண்ணில் இறங்கிக் கிணற்றைக் கெடுக்கும். காங்கேயம் வட்டாரத்தில் நிலத்தடி நீர் பாழாகிறதென்று உழவர்களே முறையிட்டிருக்கிறார்கள். நகரத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பொருளுக்காக நம் கிணற்றைப் பலி கொடுக்கலாமா?

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியவை இவை. நன்கு முற்றிய காயின் தொட்டிகளை மட்டும் சேர்த்து வையுங்கள். நாரும் மண்ணும் நீக்கி, வெயிலில் உலர்த்தி, மழை படாமல் காத்திடுங்கள். தனியாளாகக் குழி வெட்டிச் சுடாதீர்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து, புகையை எரித்துவிடும் மூடிய சூளையை அமையுங்கள். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவை முன்கூட்டியே பெறுங்கள். கரியைத் தண்ணீர் ஊற்றி அணைக்காமல், காற்றுப் புகாமல் மூடி ஆறவிடுங்கள். நன்கு வெந்த கரி பளபளப்பாக உடையும். கெட்டித் தரையில் போட்டால் கணீரென்று ஒலிக்கும். வேகாத கரி கையில் ஒட்டும், எரித்தால் புகையும். அதற்கு விலை குறையும்.

தொட்டி குப்பையன்று, சரக்கு. அதை விற்குமுன் பக்கத்து ஆலைகளின் விலையைக் கேட்டறியுங்கள். சூளை போடுமுன் உங்கள் கிணற்றை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.