ரோட் வாரியர்ஸ்: ஓர் இரட்டையர் சரித்திரம்



நம் வாசகசாலையின் ஆண்டு விழா என்றால் கம்பனையோ இளங்கோவையோ பற்றி ஒரு பிரசங்கம் நிகழ்வதே இம்மன்றத்தின் சம்பிரதாயமாக இருந்துவர, அமெரிக்க தேசத்தில் முகத்திலே சாயம் பூசி, தோளிலே முள் பதித்த கவசம் தரித்துக் குஸ்தி போட்ட இரண்டு பயில்வான்களின் சரித்திரத்தைச் சொல்வதற்கு நான் வந்து நிற்பது, முன்வரிசையில் வீற்றிருக்கும் புலவர் பெருமக்கள் சிலருக்குச் சங்கடமாகவும், பின்னால் நின்றுகொண்டிருக்கும் இளைஞர்களுக்கு உற்சாகமாகவும் இருக்கக் காண்கிறேன். விரும்பிய விஷயத்தைப் பேசலாம் என்று செயலாளர் அவர்கள் எனக்குக் கடிதம் எழுதிவிட்டார். எழுதியபின் வருந்தினாரோ என்னவோ, கையெழுத்து அவருடையது, ஆகவே பொறுப்பும் அவருடையதே.

இருவர் கூடி ஒரு கலையை நடத்துவது நமக்குப் புதிதன்று. கண்ணில்லாதவர் காலில்லாதவரைத் தோளில் சுமந்து நடக்க, சுமக்கப்பட்டவர் வழி சொல்ல, ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடித்து ஊர் ஊராகச் சென்று பாடிய இரட்டைப் புலவர்களின் கதையைக் கர்ணபரம்பரையாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவர்களில் எவர் பாடிய பாதி உயர்ந்தது என்று இன்றுவரை யாரும் வழக்காடவில்லை. புகழ் இருவருக்கும் பொதுச் சொத்தாக இருக்கிறது. பாகப்பிரிவினை செய்ய முயன்றால் இருவருக்கும் ஒன்றும் மிஞ்சாது. ‘ரோட் வாரியர்ஸ்’ என்று இருபது ஆண்டுகள் உலகமறிய வாழ்ந்த ஹாக், அனிமல் என்னும் இரு மல்லர்களின் வாழ்க்கையும் அத்தகைய பொதுச் சொத்துதான் என்பது என் அபிப்பிராயம்.

‘டேக் டீம்’ என்னும் ஆட்டத்தின் விதி எளியது. ஒரு பக்கத்துக்கு இருவர். ஆனால் கோதாவுக்குள் ஒரு சமயத்தில் ஒருவரே நின்று பொருதலாம். மற்றவர் தம் மூலையில், கயிற்றுக்கு வெளியே, காத்து நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் கை நீட்டித் தொட்டாலொழிய அவர் நுழையலாகாது. தொட்டபின் முன்னவர் வெளியேறுவதற்கு நடுவர் ஐந்து எண்ணும் அவகாசம் உண்டு. இவ்வளவே சட்டம். இந்தச் சின்னஞ்சிறு சட்டத்திலிருந்து எவ்வளவு பெரிய நாடகம் பிறக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்: அடிபட்டவன் ஊர்ந்து ஊர்ந்து தன் மூலையை நோக்கி வருகிறான், கூட்டாளி கயிற்றின்மேல் கவிழ்ந்து கையை நீட்டுகிறான், இரண்டு விரல்களுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும்போது எதிரி வந்து காலைப் பிடித்து இழுத்துச் செல்கிறான், கூடியிருக்கும் பதினாயிரம் பேர் ஒரே குரலில் ஐயோ என்று அலறுகிறார்கள். வெற்றி தோல்வி முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்டது என்பது இப்போது யாவரும் அறிந்த ரகசியம். ‘அப்படியானால் எல்லாம் பொய்தானே?’ என்று கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அடுத்த வாரம் தெருக்கூத்துக்கு வாருங்கள், துரியோதனன் சாகப்போவது தெரிந்தும் விடியவிடிய விழித்திருக்கும் ஜனங்களைக் காட்டுகிறேன் என்று மட்டும் சொல்வது வழக்கம்.

நம் கதாநாயகர்களின் பூர்வாசிரமப் பெயர்கள் மைக்கேல் ஹெக்ஸ்ட்ராண்ட், ஜோசப் லாரினைடிஸ். முன்னவரே ஹாக், பின்னவர் அனிமல். மின்னசோட்டா மாகாணத்தின் மினியாபொலிஸ் வட்டாரத்தில், மதுக்கடை வாயிலில் நின்று குடித்துக் கலகம் செய்பவர்களை வெளியேற்றும் காவல் வேலை பார்த்தவர்கள். எடி ஷார்க்கி என்னும் ஆசான் இவர்களுக்குக் குஸ்தி கற்பித்தார். 1983-இல் அட்லாண்டா நகரில் ஆட்டங்களை நடத்திவந்த ஓலே ஆண்டர்சன் இவ்விருவரையும் ஜோடி சேர்த்து, பால் எல்லரிங் என்னும் முன்னாள் மல்லரை நிர்வாகியாக வைத்தார். பெயர் அக்காலத்தில் வெளிவந்த ‘மேட் மேக்ஸ்’ திரைப்படத்தின் இரண்டாம் பாகத்திலிருந்து எடுக்கப்பட்டது.

வேஷத்தைச் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் வேஷத்தில்தான் இவர்களுடைய கூட்டுறவின் தத்துவமே அடங்கியிருக்கிறது. அனிமல் தலையின் நடுவே வரப்புப்போல் மயிரை விட்டு இருபுறமும் மழித்திருப்பார். ஹாக் அதற்கு நேர்மாறாக நடுவை மழித்து இருபுறமும் விட்டிருப்பார். ஒருவர் தலையில் இல்லாதது மற்றவர் தலையில் இருந்தது. முகத்தில் கறுப்பும் சிவப்பும் வெள்ளையுமாகச் சாயம். காலப்போக்கில் தோளில் முட்கள் நீட்டிய கவசம். பக்கத்தில் எல்லரிங் மட்டும், ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ பத்திரிகையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, பங்குச் சந்தை நிலவரம் பார்க்க வந்த கனவான்போல நடந்து வருவார். ‘பிளாக் சப்பாத்’ குழுவின் ‘அயர்ன் மேன்’ என்னும் பாட்டு முழங்க இவர்கள் ஓட்டமாக வந்து கோதாவில் புகுந்தால், மணி அடிக்கும்வரை காத்திருப்பதும் உண்டு, காத்திராததும் உண்டு. தொலைக்காட்சியில் இவர்களுக்கு எதிரே நிறுத்தப்பட்ட அப்பாவிகள் கவசத்தைப் பார்த்து முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

இவர்களைத் துஷ்டர்களாகவே அரங்கேற்றினார்கள். ஜனங்கள் ஏச வேண்டும் என்பது ஏற்பாடு. ஜனங்களோ ஆரவாரித்துக் கொண்டாடினார்கள். முதலாளி வகுத்த திட்டத்தை ரஸிகர்கள் திருத்தி எழுதிய அபூர்வமான சம்பவங்களில் இது ஒன்று.

1984 ஆகஸ்டு 25-இல் லாஸ் வேகாஸ் நகரில், கிரஷர், பேரன் வான் ராஷ்கே என்னும் பழம்பெரும் மல்லர்களை வென்று அமெரிக்கன் ரெஸ்லிங் அசோசியேஷனின் உலக ஜோடிப் பட்டத்தைப் பெற்று, ஓர் ஆண்டுக்கு மேல் வைத்திருந்தார்கள். 1985-இல் ஜப்பான் சென்றார்கள்; அங்கே இவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு, சொந்த தேசத்தில் கிடைத்ததற்குச் சிறிதும் குறைந்ததன்று. 1986 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸ் நகரின் சூப்பர்டோம் அரங்கில், 24 ஜோடிகள் கலந்துகொண்ட முதலாவது கிராக்கெட் கோப்பையை வென்றார்கள். 1987 மார்ச்சில் ஜம்போ த்சுருதா, கெனிச்சிரோ தென்ரியு என்ற ஜப்பானிய ஜாம்பவான்களிடமிருந்து சர்வதேச ஜோடிப் பட்டத்தைக் கைப்பற்றினார்கள்.

பட்டங்களை இப்படிக் கணக்கெடுத்துக்கொண்டே போனால் இது பேச்சாக இராது, பஞ்சாங்கப் படனமாகிவிடும். ஆகவே அந்தக் கூட்டுக் கலையின் உச்சமாக இவர்கள் கையாண்ட ஒரு பிடியை மட்டும் அருகே சென்று பார்ப்போம். ‘டூம்ஸ்டே டிவைஸ்’ என்று அதற்குப் பெயர். அனிமல் பின்புறமாகக் குனிந்து எதிரியின் கால்களுக்கிடையே தலையை நுழைத்து, அவனைத் தம் தோள்களின்மேல் உட்காரவைத்து எழுந்து நிற்பார். அதே சமயத்தில் ஹாக் மூலைக் கம்பத்தின் உச்சிக் கயிற்றில் ஏறி, அங்கிருந்து பாய்ந்து, நீட்டிய கையால் எதிரியின் மார்பிலும் கழுத்திலும் மோதுவார். அவன் பின்புறமாகக் குப்புறப் புரண்டோ மல்லாந்தோ தரையில் வந்து விழுவான். இதைக் காணும் எவரும் ஹாக்கையே பார்ப்பார்கள். ஆனால் அனிமல் கால்களை விடவேண்டிய கணத்தில் விடாவிட்டால், விழுபவன் கழுத்து முறியும். ஹாக் நாலு விரற்கடை உயரத் தப்பினால், அடி மார்பில் விழாமல் முகத்தில் விழும். மூன்று பேரும் ஒரே கணத்தை அறிந்திருக்க வேண்டும். அந்த மூன்றாமவனோ, தோற்பதற்கென்றே அன்று கூலி பெற்று வந்தவன். பெயர்கூடச் சபைக்கு நினைவிருக்காது. தன் கழுத்தை இரண்டு முரடர்களின் கையில் ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பிக் குழந்தைகளோடு உணவு உண்டான் அல்லவா, அவனுடைய துணிவையும் நான் இந்தச் சரித்திரத்திலே சேர்க்கிறேன்.

ஒப்படைத்தது தவறிப்போனதும் உண்டு. 1986 நவம்பரில் அட்லாண்டாவில், கோதாவுக்கு மேலே உயரமாகக் கட்டிய சாரத்தின்மீது இவர்களும் ‘மிட்நைட் எக்ஸ்பிரஸ்’ என்ற ஜோடியும் பொருதினார்கள். முடிவில் எதிர்ஜோடியின் நிர்வாகி ஜிம் கார்னெட் சாரத்திலிருந்து தொங்கி விழ, கீழே நின்று ஏந்திக்கொள்ள வேண்டிய கூட்டாளி சரியான இடத்தில் நிற்கவில்லை. கார்னெட்டின் முழங்கால்கள் உண்மையாகவே சேதமடைந்தன. எல்லாம் பொய் என்பவர்களுக்கு அந்த முழங்கால்கள் பதில் சொல்லும்.

இங்கே ஒரு குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடிபடுவது போல் நடிப்பதும், எதிரியின் பலத்தைச் சபைக்குப் புலப்படுத்துவதும் இக்கலையின் சரிபாதி. ரோட் வாரியர்ஸ் அதில் மிகச் சிக்கனமானவர்கள். எதிரி அடித்தால் அசையாமல் நிற்பதே அவர்கள் வழக்கம். அதனால் அவர்கள் கீர்த்தி வளர்ந்தது, கலை வளரவில்லை. ஊர்ந்து வந்து கை நீட்டும் அந்த மகத்தான காட்சியைக் காணவேண்டுமானால், ‘ராக் அண்டு ரோல் எக்ஸ்பிரஸ்’ ஜோடியின் ரிக்கி மார்ட்டனைத்தான் பார்க்க வேண்டும்; அடிபடுவதை அவர் ஒரு காவிய ரஸமாகவே ஆக்கினார். பராக்கிரமத்தில் நம்மவர் முதல்வர், அபிநயத்தில் அல்லர்.

1988 அக்டோபரில் நேஷனல் ரெஸ்லிங் அலையன்ஸின் உலக ஜோடிப் பட்டமும், 1991 ஆகஸ்டு 26-இல் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ‘நேஸ்டி பாய்ஸ்’ ஜோடியை வென்று வேர்ல்ட் ரெஸ்லிங் பெடரேஷனின் பட்டமும் கைக்கு வந்தன. ஆக, அக்காலத்து மூன்று பெரிய நிறுவனங்களின் ஜோடிப் பட்டங்களையும் இவர்கள் அடைந்தார்கள். இந்தக் கடைசி நிறுவனம் இவர்களை அழைப்பதற்கு முன்பே, இவர்களுடைய சாயலில் ‘டெமாலிஷன்’ என்று ஒரு ஜோடியைச் சிருஷ்டித்து நடத்திவந்தது. அதில் ஒருவரான பாரி டார்சோ, இவர்களோடு அதே ஷார்க்கியிடம் பாடம் கேட்டவர்! அசல் வந்ததும் நகலின் சோபை மங்கியது. ஆனால் அசலையும் அந்நிறுவனம் கௌரவமாக வைத்துக்கொள்ளவில்லை: பெயரை ‘லீஜன் ஆஃப் டூம்’ என்று மாற்றியது, 1992-இல் ‘ராக்கோ’ என்று ஒரு மரப்பொம்மையை எல்லரிங் கையில் கொடுத்து, அது இவர்களுக்கு ஊக்கமளிப்பதாகக் கதை கட்டியது. சிங்கத்தின் முன் கிலுகிலுப்பை ஆட்டிய இந்த யோசனை எந்த மகானுபாவருக்கு உதித்ததோ, நான் அறியேன்.

அவ்வாண்டு ஆகஸ்டில் லண்டன் வெம்பிளி மைதானத்தில், மோட்டார் சைக்கிள்களில் ஏறி வந்து ஆடிய ஆட்டத்தோடு ஹாக் விலகிப்போனார். அனிமலும் முதுகுக் காயத்தால் சில ஆண்டுகள் கோதாவை மறந்திருக்க நேர்ந்தது. ஹாக் ஜப்பானில் கென்சுகே சசாகி என்பவரோடு ‘ஹெல் ரெய்சர்ஸ்’ என்று ஜோடி சேர்ந்து பட்டங்களும் வென்றார். சசாகியும் முகத்தில் சாயம் பூசி, தோளில் முட்கவசம் தரித்துக்கொண்டார் என்பதைக் கவனியுங்கள். புதிய கூட்டாளிக்குக்கூடப் பழைய கூட்டாளியின் உடையைத்தான் உடுத்த வேண்டியிருந்தது.

1990-களின் நடுவே இருவரும் மறுபடி சேர்ந்தார்கள். ஹாக்குக்கு மதுவும் போதைப் பொருள்களும் மெய்யான வியாதியாகவே இருந்தன. 1998-இல் வேர்ல்ட் ரெஸ்லிங் பெடரேஷனார், அந்த வியாதியையே கதையாக்கி, அவர் தள்ளாடி வருவதாகவும், அரங்கின் பெரிய திரையின் உச்சியில் ஏறித் தற்கொலைக்குத் துணிந்து கீழே விழுவதாகவும் நாடகம் நடத்தினார்கள். இதுவரை நான் அந்தத் தொழிலுக்காக வாதாடி வந்தேன். இந்த இடத்தில் வாதாட மாட்டேன். வேஷம் போட்டவனுடைய வேஷத்தை விற்கலாம். நோயை விற்பது அதர்மம்.

2003 மே மாதம் இருவரும் அந்நிறுவனத்தின் அரங்கில் மீண்டும் ஒருமுறை தோன்றினார்கள். அவ்வாண்டு அக்டோபர் 19-இல் ஹாக் காலமானார். 2005-இல் அனிமல், ஹைடன்ரைக் என்ற மற்றொரு மல்லரோடு சேர்ந்து ஒரு பட்டம் வென்று, அதை மறைந்த நண்பருக்கு அர்ப்பணித்தார். மனத்தை உருக்கும் செயல்தான், ஆயினும் அதை ரோட் வாரியர்ஸின் பட்டமாக நான் எண்ணுவதில்லை, ரஸிகர்களும் எண்ணவில்லை. 2011-இல் அந்நிறுவனம் மூவர் பெயரையும் தன் கீர்த்தி மண்டபத்தில் சேர்த்தபோது மேடையில் நின்றவர்கள் அனிமலும் எல்லரிங்கும் மட்டுமே. 2020 செப்டம்பர் 22-இல், தம் அறுபதாவது வயதில், அனிமலும் மறைந்தார்.

சபையோர்களே! உங்கள் வீட்டுப் பிள்ளைகள், மல்லர்களின் உயரமும் எடையும் அச்சிட்ட சீட்டுகளை வைத்து ஒரு காலத்தில் விளையாடியவர்கள். இன்று அவர்களுடைய பிள்ளைகள் கைபேசியில் பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்க்கிறார்கள். அவர்களை அதட்டி எழுப்பாதீர்கள். பக்கத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, பாய்கிற ஹாக்கை விட்டுவிட்டு, கீழே நின்று கால்களைப் பிடித்திருக்கும் அனிமலின் கைகளைப் பாருங்கள். எந்தக் கணத்தில் அவை விடுகின்றன என்பதைப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.